கடைசியாக எழுதியதே அளவு

1

"தப்பாப் போனதை அடிச்சிட வேண்டியதுதானே அண்ணே?"

"நான் எதையும் அடிக்கிறதில்ல தங்கச்சி. அதுக்குக் கீழே எழுதுவேன். கடைசியா எழுதினதுதான் அளவு."

"அப்போ மேலே இருக்கிறதெல்லாம்?"

"அதெல்லாம் நெனச்சுப் பார்த்தது."

இந்தக் கதை பிறந்தது இந்த நான்கு வரிகளில்தான். இதை மறைத்துவிட்டு, ஏதோ நீண்ட யோசனையில் முளைத்ததாகப் பாவனை காட்டலாம். ஆனால் கதையின் பாதியில் தச்சர் மறுபடி வருவார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது. ஆகவே, ஒப்புக்கொண்டாயிற்று.

பதில் சொன்னவர் தச்சர். வலது காதின் மேல் தட்டைப் பென்சில் ஒன்றைச் செருகியிருப்பார். அதை எடுத்துவிட்டால் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமோ என்று தோன்றும். கேட்டவள் அந்த வீட்டின் கடைக்குட்டி, வயது இருபது. ஒல்லியாக இருப்பதாலும் எதையாவது கிறுக்கிக்கொண்டே இருப்பதாலும் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் பென்சில். இருவரும் நின்றிருந்தது வீட்டின் உள்ளறையில், சந்துப் பக்கச் சுவரில் கதவுக்காக வெட்டிவிட்டிருந்த திறப்பின் ஓரம். அங்கே பூசாத சுவரில் தச்சரின் அளவுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கி வந்தன. முதலில் 80 – 200, அகலமும் உயரமும் சென்டிமீட்டரில். கொத்தனார் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்த பிறகு 81 – 203. கடைசியில் 82 – 203. எதுவும் அடிக்கப்படவில்லை.

பென்சில் அன்று ஒரு முடிவெடுத்தாள். தானும் எதையும் அடிக்கப்போவதில்லை. கைவிட்ட வாக்கியங்கள் இந்தக் கதையில் அப்படியே கிடக்கும். தடுக்கினால் தாண்டிப் போய்விடுங்கள். அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்கள்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் அவளுக்குப் பெரிய குழப்பம். அவள் படிப்பதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் முடிவில்லாத குளிர்காலம் வரும், ரயில் நிலையம் வரும், ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். முக்கியமாக, எல்லாருக்கும் தனியறை இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு துயரப்படுவார்கள். எனவே முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"பனி பொழிந்துகொண்டிருந்த அந்த மாலையில் அவள் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, சன்னலோரம்"

[நிறுத்தப்பட்டது. பொழிவது சிமென்ட் தூள். சன்னலோரம் ஃபிரிட்ஜ் நிற்கிறது. கதவா? அதுதானே கதையே.]

இரண்டாம் தொடக்கம் கொஞ்சம் கம்பீரமானது:

"ஒரு வீட்டை இடிக்கும்போது முதலில் கேட்பது சுத்தியலின் ஓசை அல்ல, அந்த வீட்டில் இதுவரை பேசப்படாமல் போன"

[நிறுத்தப்பட்டது. முதலில் கேட்டது சுத்தியலின் ஓசைதான். அடுத்துக் கேட்டது அம்மாவின் அலறல்: "ஐயோ, அந்தப் பக்கம் தண்ணிக் குழாய் போகுது!"]

இரண்டையும் அவள் முழுசாகவே எழுதியிருந்தாள். மேலே இருப்பது மிச்சம் மட்டும். முதலாவதில் எழுபத்தொரு சொற்கள், இரண்டாவதில் நூற்றுத்தொண்ணூறு. இந்த இரண்டு எண்களையும் மனதில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.*

* எழுதுகிறவளே கதைக்குள் இருக்கும்போது "நான்" என்று சொல்லாமல் ஏன் "அவள்" என்று நீங்கள் கேட்கலாம். வேலை நடந்த நாட்களில் முன்னறையில் ஒரு பீரோ, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு கட்டில், ஒரு பழைய தையல் மெஷின், பதினோரு சாக்கு மூட்டை, அப்பா, அம்மா, அண்ணன், பென்சில் எல்லாரும் இருந்தார்கள். அந்த நெரிசலில் "நான்" என்று இன்னொருத்தியை எங்கே உட்காரவைப்பது?

3

வேலை எதற்காக ஆரம்பித்தது என்று சொல்லியாக வேண்டும். வீடு ஒழுகவில்லை, விரிசல் விடவில்லை. விட்டுப்போனது பேச்சு.

அப்பா தையற்காரர். கடைத்தெருவில் முப்பது வருடமாக ஒரே கடை. ஒருவர் தெருவில் நடந்து போனாலே தோள் அகலம் சொல்லிவிடுவார். அண்ணன் எட்டு வயதிலிருந்து அந்தக் கடையில் பித்தான் பொறுக்கி, பதினெட்டில் வெட்டுக் கத்திரி பிடித்து, இருபத்தாறில் ஒரு திங்கட்கிழமை காலையில் கடைக்குப் போகவில்லை. எதிர்ச்சாரியில் புதிதாகத் திறந்த ரெடிமேட் துணிக்கடையில் விற்பனைக்குச் சேர்ந்துவிட்டான். வேறு எந்த வேலைக்குப் போயிருந்தாலும் அப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விட்டிருப்பார். எதிர்ச்சாரி! அதுவும் ரெடிமேட்! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகன், கழுத்தில் அளவு நாடாவோடு இந்தப் பக்கம் அப்பா. நடுவில் ஒரு பேருந்து நிறுத்தம்.

பதினான்கு மாதம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். ஆனால் தகவல் சுற்றி வந்தது.

"உன் பிள்ளைகிட்ட உப்பை நகத்தச் சொல்லு."

"அப்பாகிட்டச் சொல்லும்மா, உப்பு அவர் கைக்குப் பக்கத்துலயே இருக்கு."

அம்மாவுக்கு அஞ்சலகத்தில் வேலை. பகலெல்லாம் அடுத்தவர்களின் தகவலைக் கொண்டுசேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தும் அதே வேலையா என்று ஒருநாள் கரண்டியை வைத்துவிட்டாள். மறுவாரம் கொத்தனார் வந்தார். அம்மாவின் திட்டம் நேரடியானது. பெரிய உள்ளறையின் நடுவே ஒரு சுவர். பாதி அப்பாவுக்கும் அம்மாவுக்கும். மறுபாதி அண்ணனுக்கு. நடுச்சுவரில் வழி கிடையாது. அண்ணன் சந்துப் பக்கம் ஒரு கதவு வைத்து, வெளியே இருந்தே வரலாம், போகலாம்.

"முறைச்சுக்கிட்டே ஒரே வாசல்ல போய்ட்டு வர்றதுக்கு ஆளுக்கொரு வாசலா வெச்சுக்கங்க. எனக்காவது நிம்மதி," என்றாள்.

யாரும் மறுக்கவில்லை. பென்சில் மட்டும், அண்ணன் இனிமேல் வீட்டில் இருக்கிறானா இல்லையா என்பது விளக்கு வெளிச்சத்தை வைத்துத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததைச் சொல்லவில்லை. அவள் சொல்கிற பழக்கமுள்ளவள் அல்ல, எழுதுகிற பழக்கமுள்ளவள்.

4

இடிப்பு தொடங்கியதும் நால்வரும் முன்னறைக்கு வந்தார்கள். அதாவது, சேரவே கூடாது என்று கட்டுகிற சுவருக்காக எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து படுக்க வேண்டியதாயிற்று. இதை அம்மா யோசிக்கவில்லை. கொத்தனாரும் யோசிக்கவில்லை. எழுதுகிறவள் யோசித்து வைத்ததாக நீங்கள் சந்தேகப்படலாம். அவளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

கட்டில் அம்மாவுக்கு. அதன் காலடியில் பென்சில். வாசல் பக்கம் அப்பா. பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் அண்ணன். அண்ணன் நெட்டையன். முழங்காலுக்குக் கீழே இருந்ததெல்லாம் நடைவழியில்தான் கிடந்தது.

ஆறாம் நாள் காலை. இதைப் பென்சில் பார்க்கவில்லை. குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள், காதால் கேட்டதுதான். அம்மா பால் வாங்கப் போயிருந்தாள். அப்பா இரண்டு கையிலும் இஸ்திரி போட்ட துணியை ஏந்திக்கொண்டு கடைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். தாண்டினால் துணி கசங்கும். தகவல் சொல்லி அனுப்ப ஆள் இல்லை. பிறகு:

"காலை நகத்து."

பீரோ ஒருமுறை கிறீச்சிட்டது.

"எந்தக் கால்?"

"ரெண்டையுந்தான்!"

பென்சில் பற்பசையை விழுங்கிவிட்டாள். அவள் படித்த நாவல்களில் தகப்பனும் மகனும் சமாதானமாக இரண்டு அத்தியாயம் பிடிக்கும். ஒருவருக்காவது காய்ச்சல் வரும். இங்கே ஐந்து சொற்களில் முடிந்துவிட்டது.

முடிந்துவிட்டது என்பது மிகை. மறுநாள் அப்பா நேராகவே "சாவி எங்க?" என்றார். அதற்கு மறுநாள் அண்ணன், "லைட்டை அணைங்கப்பா, கண்ணு கூசுது" என்றான். வார இறுதியில் செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, மற்றவர் கையில் இருக்கும் பாதிக்காக இருவரும் சண்டை போட்டார்கள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் பாராட்டுவதாகவும் இல்லை, குறை சொல்வதாகவும் இல்லை. தூசிக்காக மூக்கைத் துணியால் கட்டியிருந்ததால் பாதி முகம்தான் தெரிந்தது.

ஒரு மாலை அண்ணன் தன் கடைச் சட்டை ஒன்றைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அப்பா அதை எடுத்து உள்பக்கமாகத் திருப்பினார்.

"இது தையலா? கோழி கீறின மாதிரி இருக்கு."

"வாங்குறவங்க உள்பக்கம் யாரும் பார்க்கிறதில்லப்பா."

"போட்டுக்கிறவனுக்குத் தெரியும்டா. பக்கவாட்டுல குத்தும்."

அண்ணன் விலாவைச் சொறிந்தான். சொறிந்ததை அப்பா பார்த்துவிட்டார். மெஷின் மேல் இருந்த பாத்திரங்கள் தரைக்கு வந்தன. பத்து நிமிடத்தில் சட்டைக்கு உள்தையல் போட்டாயிற்று. அதற்குப் பிறகு அண்ணன் தினம் ஒரு சட்டை கொண்டுவந்தான். எல்லாம் அவனுடையவைதானா, உடன் வேலை செய்கிறவர்களுடையவையா என்பதை இந்தக் கதை விசாரிக்கவில்லை.

பென்சிலுக்கு வேலை முடியவே கூடாது என்று தோன்றத் தொடங்கியது.

5

இனி அந்தத் தப்பு.

நோட்டுப் புத்தகங்கள் ஏழாவது மூட்டையில் இருந்தன. ஏழாவது மூட்டை மற்ற மூட்டைகளுக்கு அடியில் இருந்தது. சுவரோ வெறுமையாக இருந்தது. எப்படியும் அதற்கு மேல் பூச்சு வரும், பட்டி வரும், வண்ணம் வரும். ஆகவே பென்சில் சுவரில் எழுதினாள். முதல் தொடக்கம், இரண்டாம் தொடக்கம், எல்லாம் தச்சரிடம் கேட்டு வாங்கிய தட்டைப் பென்சிலால். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தாள். எண்ணிக்கையைக் குறித்து வைக்க இடம் தேடினாள். திறப்பின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.

80 – 200
81 – 203
82 – 203
71 – 190

அதே பென்சில். அதே தடித்த கோடு. கடைசியாக எழுதியது.

அன்று மாலை தச்சர் வந்து, சுவரின் கடைசி வரியைத் தன் சீட்டில் குறித்துக்கொண்டு போனார். நிலையும் கதவும் சேர்த்து அவர் பட்டறையில் செய்வதாக ஏற்பாடு.

6

[இந்தப் பகுதியை எழுதுகிறவள் மூன்று முறை தள்ளிப்போட்டாள்.]

அவர் குறித்துக்கொண்டதை அவள் பார்த்தாள். அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. மறுநாள் காலையில் சுவருக்கு முன்னால் தேநீரோடு நின்றபோது உறைத்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். பட்டறை நாலு தெரு தள்ளித்தான். தேநீர் ஆறும் வரை நின்றாள். முன்னறையில் அப்பா, "டேய், காலரைப் பாருடா, இதுக்குப் பேர் காலரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் போகவில்லை.

இதை எழுதாமல் விட்டிருந்தால் கதை இன்னும் அழகாக இருந்திருக்கும். தற்செயல் என்றே முடித்திருக்கலாம். ஆனால் மேலே ஒரு வாக்கு கொடுத்திருக்கிறாள், எதையும் அடிப்பதில்லை என்று.

7

கதவு வந்தது. தச்சரும் அவர் தம்பியும் சந்து வழியாகத் தூக்கி வந்து திறப்பில் நிறுத்தினார்கள். பக்கத்தில் ஒரு கை நுழைகிற இடைவெளி. மேலே ஒரு பூனை படுக்கிற இடைவெளி.

அம்மா மூக்குத்துணியை அவிழ்த்தாள். "இது யாருக்குக் கதவு? என் பிள்ளைக்கா, இல்ல அவன் முழங்காலுக்கா?"

"சுவர்ல அதாம்மா எழுதியிருக்கு. கொத்தனார் உள்ளே செங்கல் வெச்சுக் குறுக்கப்போறார்னு நெனச்சேன்."

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். எழுபத்தொன்று, நூற்றுத்தொண்ணூறு. பக்கத்திலேயே, பனி பொழிந்துகொண்டிருந்த அந்த மாலை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தொடக்கங்களையும் நிதானமாகப் படித்தார். தையற்காரரின் கண், ஓரத்திலிருந்து ஓரம் வரை போனது. பிறகு திரும்பி மகளைப் பார்த்தார்.

அண்ணன்தான் முதலில் சிரித்தான். கதவைத் திறந்து நுழையப் போய் நெற்றியில் இடித்துக்கொண்டான். அப்பா, "நகரு, நான் பார்க்கிறேன்," என்று குனிந்து நுழைந்து மறுபக்கம் செங்கல் அடுக்கின் மேல் ஏறி நிமிர்ந்தார். நிலைக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக அவர் நரைமுடியும் நெற்றியும் தெரிந்தன.

"உள்ளே யாரும் இல்ல," என்றது நெற்றி.

அம்மாவே சிரித்துவிட்டாள்.

அப்பா தச்சரிடம் தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்கிற குரலில் கேட்டார்: "இதைப் பிரிச்சு ஏத்த முடியாதா?"

"குறைக்கலாங்க. ஏத்த முடியாது."

"துணியும் அப்படித்தான்."

இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். புதுக் கதவுக்கு மரம் வர இன்னும் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார் தச்சர்.

பென்சில் அவர் பின்னாலேயே சந்து முனை வரை போனாள். "அண்ணே, அது என் தப்பு. எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லாம விட்டுட்டேன்." தச்சர் கதவை இறக்கி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "குளியலறைக்குக் கேட்டு ஒருத்தர் நடையா நடக்கிறார். அவருக்கு இதே அளவுதான்," என்றார். "ஆனா தங்கச்சி, என் பென்சிலைத் திருப்பிக் கொடுத்துடு. காது லேசா இருக்கு."*

* இந்தத் தச்சரை எழுதுகிறவளே முழுசாக நம்பவில்லை. இவ்வளவு நல்லவர் நிஜத்திலிருந்து எப்படிக் கதைக்கு வந்தார்? அவரைக் கொஞ்சம் கோபக்காரராக மாற்றி எழுதிப் பார்த்தாள்: "தச்சர் முகம் சிவந்து, கதவை ஓங்கி" [நிறுத்தப்பட்டது. அவர் கதவை எப்போதும் மெதுவாகத்தான் வைப்பார்.]

8

பன்னிரண்டு நாள். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சந்தோஷமாக இருந்தவர்களைப் பற்றி நீளமாக எழுத வராது. அவள் படித்த நாவல்களிலும் சந்தோஷம் "அந்தக் கோடை கழிந்தது" என்று ஒரு வரியில் போய்விடுகிறது. இங்கே கழிந்தவை: ஒன்பது சட்டைகள், நான்கு மூட்டைகளில் தவறாகத் தேடிய ஒரு வடிகட்டி, எதிர்ச்சாரிக் கடையின் சன்னலில் பொம்மைக்குப் போட்ட கோட்டின் தோள் சரியில்லை என்று அப்பா பேருந்து நிறுத்தத்தைக் கடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்த ஒரு மத்தியானம்.

அம்மாவிடம் மட்டும் பென்சில் ஒருமுறை கேட்டாள்: "அந்தக் கதவு வேணுமாம்மா?"

"வேணும். இந்தத் தூசியில இன்னும் எத்தனை நாள் மூட்டைக்கு நடுவுல கிடக்கிறது? அடுத்த வாரம் என் லீவு முடியுது. அவனுக்கும் ஒரு இடம் வேணாமா? இருபத்தேழு வயசு." மூக்குத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, "கதவு வெச்சா சாத்தியே ஆகணும்னு யாரும் சொல்லல," என்றாள்.

அம்மா சொல்வது நியாயம். கதையின் கஷ்டமே அதுதான். இதில் தப்பான ஆள் யாரும் இல்லை.

9

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

சரியான கதவு வருகிறது. அண்ணன் சந்து வழியாகப் போகிறான், வருகிறான். ஒரு மாதத்தில் உப்பு மறுபடி சுற்றி வருகிறது. [மொழிபெயர்ப்பு நாவல்களுக்குப் பொருந்தும். எழுதுகிறவளுக்குப் பிடிக்கவில்லை.]

அண்ணனே வந்து, "எனக்குத் தனியறை வேண்டாம்," என்கிறான். எல்லாரும் கண் கலங்குகிறார்கள். [அண்ணன் அப்படிப் பேசுகிறவன் அல்ல. தவிர, கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று நேற்றுக்கூடச் சொன்னான்.]

கொத்தனார் நடுச்சுவரில் ஒரு வழி உடைத்துவிடுகிறார். [அம்மா அவரை உடைத்துவிடுவாள்.]

மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நடந்தது வரைக்கும் சொல்லி எழுதுகிறவள் நிறுத்திக்கொள்வாள்.

10

பதின்மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் தச்சர் வந்தார். மரம் அறுப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை அளந்துவிட வேண்டும் என்றார். இந்தத் தடவை அவர் சுவரை நம்பத் தயாராக இல்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்துப் பென்சிலிடம் நீட்டினார்.

"நீயே எழுது தங்கச்சி. வம்பு உன் கையெழுத்துலதான் வந்துச்சு. நீ எழுதினதைத்தான் அறுப்பேன்."

சொல்லிவிட்டு, வண்டியில் விட்டுவந்த சீட்டை எடுக்கச் சந்துப் பக்கம் போனார். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். போகும்போது வாசலில் நின்று, "அப்பா, வரேன்," என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அம்மா சமையலறையில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். பாத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடத்துக்குப் போகும் சத்தம் கேட்டது.

அப்பா இன்னும் கடைக்குப் போகவில்லை. முப்பது வருடத்தில் பத்து மணிக்கு அவர் வீட்டில் இருந்ததில்லை. தன் கழுத்து நாடாவைக் கழற்றித் திறப்பின் ஒரு ஓரத்தில் பிடித்தார். மறு ஓரத்தைப் பென்சில் பிடித்தாள். எண்பத்திரண்டு. பிறகு மேலிருந்து கீழாக, ஸ்டூல் போட்டு ஏறி, நாடாவை இரண்டு முறை மாற்றிப் பிடித்து, இருநூற்று மூன்று. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் எடுத்த அளவு தப்பாகப் போனதாக ஊரில் யாரும் சொன்னதில்லை.

சுவரில் பனி இன்னும் பொழிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அளவுகள் இறங்கி வந்து 71 – 190இல் நின்றன. அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது. பென்சில் முனையை அங்கே கொண்டுபோனாள்.

அப்பா நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சந்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஸ்டூலிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றார். இதுவரை அவர் அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை. அது அண்ணன் வைத்த பெயர்.

"பென்சில்," என்றார், குரலைத் தணித்து. "போன தடவை எழுதின மாதிரியே இன்னொரு தடவை எழுதேன்."